தொண்ணூற்றிரண்டு

மெர்காத்தோ சந்தையில், ஆயில் கடை ஷெரஃபா
என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:
"கெட்டியா, இளக்கமா?"
கெட்டி என்றேன்.
கெட்டி என்றால் நம்பலாம் அல்லவா,
ஆளையும் சுவரையும் நம்புகிற மாதிரி.

ஐம்பது என்று எழுதிய டப்பா.
இரண்டரை லிட்டர்தான் கொள்ளும்
என் அறுபத்தேழாம் வருடத்து வோக்ஸ்வாகன்.
ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை,
ஃபில்டருக்குப் பதில் ஒரு சல்லடை.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்று
ஜெர்மனியில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள்,
அடிஸ் அபாபாவில் காற்றே
கொஞ்சம்தான் என்று தெரியாமல்.

எந்தோத்தோ ஏற்றத்தில்
யூகலிப்டஸ் வாசத்துக்கு நடுவே இன்னொரு வாசம்.
பின்மூடியைத் திறந்து அளவுகோலை இழுத்தேன்.
பிடிக்க முடியவில்லை.
சூடுதான். எவ்வளவு சூடு?
விரலுக்கு எண் தெரியாது.

ஆகவே வாங்கினேன் ஒரு வெப்பமானி:
அளவுகோல் போகிற துளையிலேயே போய் உட்காரும் கம்பி,
உச்சியில் பொத்தான் அளவுக்கு ஒரு முகம்.
நான் மருந்துக்கடை வைத்திருப்பவள்,
சோதிக்காமல் எந்தக் கருவியையும் நம்பியதில்லை.
அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க,
கம்பியை விட்டேன்.
தொண்ணூற்றிரண்டு.
தண்ணீர் குதிக்கிறது, முள் குதிக்கவில்லை.
எட்டு டிகிரி பொய் சொல்கிறாயா என்று
அந்த முகத்தின் ஓரத்தில்
சிவப்பு நெயில் பாலிஷால் எட்டு என்று எழுதிவைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றோடும் எட்டைக் கூட்டினேன்.
நூற்றுப்பன்னிரண்டா? நூற்றிருபது. நிறுத்து.
திரே தாவா போகிற சாலையில்
மோஜோ தாண்டி நிறுத்தினேன், அதாமாவில் நிறுத்தினேன்,
மெத்தெஹாராவில், எரிமலை கக்கிய கருங்கல் வெளியில்,
நிழலே இல்லாத இடத்தில் நிறுத்தினேன்.
ஒரு லாரிக்காரன் இறங்கி வந்தான்,
மஞ்சள் கேன் நிறையத் தண்ணீரோடு.
மூடியைத் தேடினான். சுற்றி வந்து தேடினான்.
"எங்கே ஊற்றுவது?"
"எங்கேயும் இல்லை."
அவனே குடித்தான், எனக்கும் கொடுத்தான்.

திரே தாவாவில் தங்கை ஸெனெபெச்
தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.
பழக்கதோஷம், கம்பியைத் துடைத்து அதில் விட்டேன்.
"ஆயில் கம்பியையா என் பாத்திரத்தில்?"
அவள் கத்துவது காதில் விழவில்லை.
தொண்ணூற்றாறு என்றது முள்.

மேடு ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.
சொந்த அடுப்படியில் மறந்துபோனேன்.
முள் பொய் சொல்லவில்லை.
கடல் மட்டத்துக் கணக்கை
மலைமேல் வைத்துக்கொண்டிருந்தது நான்.

"அப்படியானால் நூற்றுப்பன்னிரண்டு நிஜம்.
அதுவும் அதிகம்தான்" என்றாள் இஃப்து,
தங்கை வீட்டில் குடியிருக்கும் மெக்கானிக்.
வண்டிக்கடியில் படுத்தபடி ஆயிலை இறக்கினாள்.
தேன் மாதிரி மெதுவாக விழுந்தது, கருப்புத் தேன்.
"பார், உன் கெட்டியை.
உன் ஊர்க் குளிரில் இது இறுகிப்போய்
வால்வைத் தள்ளிக்கொண்டு குறுக்கே ஓடிவிடும்,
கூலருக்குள் போகாமல்.
ஆற வேண்டியது ஆறாமலே சுற்றுகிறது."

"அப்படியானால் எது?"
"இந்த ஊருக்கு நாற்பது. உன் ஊருக்கு முப்பது."
"நடுவில் இருக்கிற சாலைக்கு?"
துணியில் கையைத் துடைத்தாள்.
துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முப்பது ஊற்றித் திரும்பினேன்.
முள் நூற்று நான்கைத் தாண்டவில்லை.
சிவப்பு எட்டு இன்னும் இருக்கிறது, சுரண்டவில்லை,
கூட்டுவதும் இல்லை.
ஆனாலும் மெத்தெஹாராவில் நிறுத்தினேன்.
யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.
எஞ்சின் தகரங்கள் ஆறிச் சுருங்கி
டிக், டிக் என்றன அந்தக் கருங்கல் வெளியில்.
அளவுகோலை உருவிப் பிடித்தேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலில் விட்டுவிட்டேன்.